நண்பர்களின் கல்லூரியில் நான்கு நாள்கள்

விடுமுறையில் கற்றது நெடுநாள் நிற்கும் என்று என் மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு. தேர்வுக்கென்று படித்தவற்றுள் பெரும்பகுதி, தேர்வு மண்டபத்தைவிட்டு நாம் வெளியேறும்போதே நம்மைவிட்டு வெளியேறிவிடுகிறது. எவரும் வினாத்தாள் தயாரிக்காத பாடங்களோ நாம் அழைக்காமலேயே உள்ளத்தில் குடியேறி, தக்க காலத்தில் வந்து கைகொடுக்கின்றன. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எனக்கு வாய்த்த அத்தகைய பாடம் ஒன்றையே இங்கு எழுத விரும்புகிறேன். அது 1990ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பினாங்கில், நான் பயிலாத ஒரு கல்லூரியில், நான்கு நாள்களில் கிடைத்த பாடம்.

அப்போது நான் சிரம்பானில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தோட்டத்துப் பிரட்டுக்களத்திற்கு ஒருபுறம் மாரியம்மன் கோயிலும், மறுபுறம் பலகையால் கட்டிய சிறிய மாதா கோயிலும் இருந்தன. கோயில்கள் இரண்டாயினும் லயங்கள் கலந்தே இருந்தன. அடுத்த வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தின் மூத்த மகனும் நானும் ஒரே நாளில் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்தோம். ஆறாண்டுகள் ஒரே மேசையில் அமர்ந்தோம். ஆடி மாதத்துக் கூழ் எங்கள் வீட்டிலிருந்து அவன் வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸ் முறுக்கும் அதிரசமும் அவன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும். பின்னர் நான் ஆசிரியர் தொழிலைத் தேர்ந்தேன். அவன் குருவாகப் பணிபுரிய விரும்பிப் பினாங்கிலுள்ள குருத்துவக் கல்லூரிக்குச் சென்றான்.

முதல் பருவ விடுமுறை தொடங்குவதற்கு முன் அவனிடமிருந்து கடிதம் வந்தது. "எங்களுக்கு விடுமுறை இல்லை, தவக்காலம் நடக்கிறது. ஆனாலும் நீ வந்தால் படுக்க இடமும் உண்ணச் சோறும் உண்டு. உன்னிடம் ஒரு வேலையும் இருக்கிறது" என்று எழுதியிருந்தான்.

கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். என் தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "போய் வா, சாமி. போன பிள்ளையாகவே திரும்பி வா" என்றார். தந்தையார் சிரித்துவிட்டு, "இருபது வருசம் பக்கத்து வீட்டில் இருந்து மாறாதவன், நாலு நாளில் மாறிவிடுவானா?" என்றார். தாயாரின் அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை. தோட்டத்து மக்களுக்கு உடைமை என்று சொல்லிக்கொள்ளச் சிலவே இருந்தன. மொழியும் வழிபாடும் அவற்றுள் முதன்மையானவை. அவற்றை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுவது இயல்பே அல்லவா?

கோலாலம்பூரிலிருந்து இரவு இரயிலில் புறப்பட்டு, விடியற்காலையில் பட்டர்வொர்த்தில் இறங்கினேன். பினாங்குப் பாலம் 1985ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டிருந்தபோதிலும், இரயிலில் வருவோர்க்கு ஃபெரியே வசதியாக இருந்தது. கடலைக் கடந்து, ஜார்ஜ்டவுனில் நீலநிறப் பேருந்து ஏறி, தஞ்சோங் பூங்காவை அடைந்தேன். கடலைப் பார்த்த மேட்டில் மரங்களுக்கு நடுவே நின்றது அந்தக் கல்லூரி.

அதன் வரலாற்றை நண்பன் முதல் நாளே எனக்குக் கூறினான். பாரிஸ் மறைபரப்புச் சபையினர் அக்கல்லூரியை 1665ஆம் ஆண்டில் சயாம் நாட்டின் அயுத்தியா நகரில் தொடங்கினர். போரும் கலகமும் துரத்த, அது இடம்விட்டு இடம் பெயர்ந்தது. 1770களில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள வீராம்பட்டினத்தில் சில காலம் நடந்தது. பின்னர் 1808ஆம் ஆண்டில் பினாங்கில் மீண்டும் தொடங்கப்பெற்றது. சயாமில் பிறந்த கல்லூரி, தமிழ் மண்ணில் சிலகாலம் தங்கிவிட்டுப் பினாங்கு வந்து சேர்ந்தது என்பதைக் கேட்டபோது, நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த என் பாட்டனார் நினைவுக்கு வந்தார்.

அங்கே சீனர், தமிழர், யூரேசியர் எனப் பல இனத்து இளைஞர்கள் பயின்றனர். முற்காலத்தில் பாடமொழி இலத்தீன்; நான் சென்றபோது ஆங்கிலம். விடியற்காலை மணி ஒலித்ததும் எல்லாரும் செபக்கூடத்திற்குச் செல்வர். முதல் நாள் இரவே நண்பன், "காலையில் மணி அடிக்கும். வர விரும்பினால் வா, இல்லையென்றால் தூங்கு. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்லிவைத்தான். நான் சென்றேன், கடைசி வரிசையில் அமர்ந்தேன். நற்கருணை பெற அனைவரும் எழுந்து சென்றபோது நான் மட்டும் இருக்கையில் இருந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் வயது முதிர்ந்த பேராசிரியர் ஒருவர், "காலைச் சிற்றுண்டிக்குக் காப்பியா, தேநீரா?" என்று கேட்டார். அன்று காலை என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.

எனக்கென்று ஒரு வேலை இருப்பதாக நண்பன் எழுதியிருந்தான் அல்லவா? சிற்றுண்டிக்குப்பின் அதை வெளியிட்டான். கிள்ளானிலிருந்து வந்திருந்த மற்றொரு குருமாணவரை என்னிடம் அழைத்து வந்தான். அவர் எங்களைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் தமிழ்ப்பள்ளியில் பயிலாதவர். ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. தோட்டங்களில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கரிடையே பணியாற்ற வேண்டியவர், தம் மறையுரையை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு படித்து வந்தார்.

அந்தக் குறிப்பேட்டை எனக்குக் காட்டினார். லகர, ளகர வேறுபாடு அதில் இல்லை. பள்ளியும் பல்லியும் ஒன்றாகவே கிடந்தன. "ஒரு முறை தோட்டத்துச் சிற்றாலயத்தில் இயேசுநாதரின் மலைப்பொழிவைப் பற்றிப் பேசினேன். நான் சொன்னது மழைப்பொழிவு என்று ஒலித்ததாம். பூசை முடிந்ததும் ஒரு பாட்டி வந்து, 'சாமி, அங்கேயும் நம்ம ஊர் மாதிரிதான் மழையா?' என்று கேட்டார்" என்று சொல்லி, தாமே முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, "இதை நான் சிரித்துச் சொல்கிறேன், வாத்தியாரே. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை" என்றார்.

நான் அதுவரை பயிற்றுப்பணிக்கு ஒரே ஒரு முறைதான் சென்றிருந்தேன். அதுவும் குழந்தைகளுக்குக் கற்பிக்க. இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவருக்கு அகரம் கற்பிப்பது எப்படி என்று எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொல்லவில்லை. ஆயினும், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்னும் விதி கைவசம் இருந்தது. அவருக்குத் தமிழில் எது தெரியும் என்று ஆராய்ந்தேன். சிறுவயதில் பாட்டியார் கற்பித்த செபங்கள் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. பாட்டியாரின் பழைய செபப்புத்தகமும் அவரிடம் இருந்தது. திறக்கத் தெரியாத பெட்டியைப்போல அதை அவர் பெட்டகத்தில் வைத்திருந்தார்.

அந்தப் புத்தகமே எங்கள் பாடநூலாயிற்று. அவர் மெல்லச் சொல்லச்சொல்ல, நான் ஒவ்வொரு சொல்லின்மீதும் விரலை வைத்தேன். நாவில் முப்பது முறை உருண்ட சொல், முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. தந்தை, வானம், உணவு என்னும் சொற்களை அட்டைகளில் எழுதி, கலைத்து, அடுக்கினோம். முழுச் சொல்லிலிருந்து எழுத்துக்கு இறங்கினோம். புத்தகம் பழைய அச்சு. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தியது. ஆகவே ணை, லை, னை முதலியவற்றுக்குத் துதிக்கை போன்ற கொம்பு இருந்தது. புது வடிவத்தையும் பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.

எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வந்தபோது அவர் தடுமாறினார். "ஒரு கோடுதானே வேற்றுமை? அந்தக் கோட்டை யார் போட்டது?" என்று சலிப்புடன் கேட்டார். விடை எனக்குத் தெரிந்திருந்தது. பழங்காலத்தில் குறிலுக்குப் புள்ளியிட்டு வேறுபடுத்தினர். ஓலையில் எழுதுகையில் புள்ளி விடுபட்டு, குறிலும் நெடிலும் மயங்கின. அந்த மயக்கத்தைத் தீர்க்க நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680ஆம் ஆண்டில் பிறந்து, தமிழகம் வந்து, தேம்பாவணி பாடிய பெஸ்கிப் பாதிரியார் அவரே. இதைச் சொன்னதும், கிள்ளான் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் கோடு போட்டவர் எங்கள் ஆள்" என்றார். "நம் ஆள்" என்றேன் நான். சற்று நேரம் கழித்து அவரும், "ஆம், நம் ஆள்" என்றார்.

அன்று மாலை தோட்டத்து நண்பன் கேட்ட கேள்விக்கு அவர் அளித்த மறுமொழி என் நெஞ்சில் ஆழப் பதிந்தது. "உங்கள் வீட்டருகே தமிழ்ப்பள்ளி இருந்ததே, ஏன் சேர்க்கவில்லை?" என்று அவன் கேட்டான். "அப்பா என்னை அழைத்துக்கொண்டு அங்குப் போனார். வாசலில் நின்று பார்த்தார். சுவரில் இருந்த சாமிப் படங்களையும், பிள்ளைகள் பாடிய பாட்டையும் கவனித்தார். 'இது நம் இடமில்லை போலிருக்கிறது' என்று சொல்லித் திரும்பிவிட்டார். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை, யாரும் வரச் சொல்லவும் இல்லை" என்றார் அவர்.

ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் ஒரு சிறுவன் தன் தாய்மொழியின் எழுத்தை இருபது ஆண்டுகள் இழந்தான். தமிழாசிரியனாகப் போகும் எனக்கு அச்செய்தி ஓர் எச்சரிக்கையாகவே பட்டது.

அவர் சோர்ந்திருப்பதைக் கண்டு, நண்பன் அன்றிரவு தனிநாயகம் அடிகளாரைப்பற்றிப் பேசினான். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் 1913ஆம் ஆண்டில் பிறந்த அடிகளார், ஆங்கிலமும் இலத்தீனும் கற்று, உரோமாபுரியில் இறையியல் பயின்று குருவானவர். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் ஆசிரியப்பணி ஆற்றச் சென்ற பிறகே பண்டிதர் ஒருவரிடம் தமிழை முறையாகப் பயிலத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் உயர்பட்டம் பெற்றார். 1961ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறைக்கு வந்தார். 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற அவரே முன்னின்றார். இம்மாநாட்டை நம் நாடு என்றும் பெருமையுடன் நினைவுகூர்கிறது. அதை நடத்தியவர், தமிழை முறையாகக் கற்கக் காலந்தாழ்த்தித் தொடங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. "அவர் தொடங்கியபோது உங்களைவிட அதிக வயது" என்றான் நண்பன். மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே சொல்லட்டைகளுடன் கிள்ளான் நண்பர் என் கதவைத் தட்டினார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளிகளில் கத்தோலிக்கர் இறைச்சி உண்பதில்லை. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். அவர்களுக்கு மீன் விலக்கன்று. மேசையில் மீன்குழம்பு இருந்தது. நண்பர்கள் இருவரும் அதைத் தொடாமல் என்னோடு கீரையும் பருப்பும் உண்டனர். காரணம் எதுவும் சொல்லவில்லை. உண்ணும்போது பேச்சு சொற்களின்பக்கம் திரும்பியது. நாங்கள் அமர்ந்திருந்த மேசையும், காற்று வந்த சன்னலும், தட்டுகள் இருந்த அலமாரியும் போர்த்துக்கீசியர் தமிழுக்குத் தந்த சொற்கள். அவர்கள் 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றியவர்கள். ஆதலால் அதே சொற்கள் மலாய்மொழியிலும் மேஜா, ஜெண்டேலா, அல்மாரி என வழங்குகின்றன. மலாயில் தேவாலயத்தைக் குறிக்கும் கெரெஜா, பள்ளியைக் குறிக்கும் செக்கோலா ஆகியவையும் அவ்வழியில் வந்தவையே. பாட்டியாரின் செபப்புத்தகத்தில் தூய ஆவியைக் குறித்த 'இஸ்பிரீத்து சாந்து' என்னும் தொடருக்கும் அன்றுதான் கிள்ளான் நண்பருக்குப் பொருள் விளங்கியது.

மாலையில் பினாங்கு சாலையிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்திற்குச் சென்றோம். 1857ஆம் ஆண்டிலிருந்து தமிழ்பேசும் கத்தோலிக்கருக்கென இயங்கி வந்த பங்கு அது. அங்கே சிலுவைப்பாதை தமிழில் நடந்தது. பதினான்கு நிலைகளில் நின்று நின்று, இயேசுவின் பாடுகளை மக்கள் நினைவுகூர்ந்தனர். மகனை இழந்த தாயின் துயரை மூதாட்டிகள் பாடியபோது, எங்கள் தோட்டத்தில் இழவு வீடுகளில் கேட்ட ஒப்பாரியின் இராகம் அதில் ஒலித்தது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகே திருப்பலி அவரவர் தாய்மொழியில் நடைபெறும் வாய்ப்பு ஏற்பட்டது. ஆனால் அழுகையை அம்மக்கள் அதற்கு முன்பும் தமிழில்தான் அழுதிருப்பர்.

மறுநாள் நண்பன், "தண்ணீர்மலைக்குப் போகாமல் பினாங்கைவிட்டுப் போகலாமா? உன் அம்மா என்னை மன்னிக்கமாட்டார்" என்று கூறி, என்னை முருகன் கோயிலுக்கு அழைத்துச் சென்றான். அடிவாரத்தில் என் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு, "மேலே போய் நிதானமாக வா, நான் இங்கிருக்கிறேன்" என்றான். நான் வணங்கிவிட்டு நெற்றியில் நீறுடன் இறங்கி வந்தேன். அவன் கழுத்தில் சிலுவையுடன் நின்றுகொண்டிருந்தான். இருவரும் கடையில் வடையும் தேநீரும் அருந்தினோம். அவன் மேலே வரவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. நான் நற்கருணை பெறவில்லை என்பதில் அவனுக்கும் வருத்தமில்லை. வந்தவனை அவனாகவே இருக்கவிட்டு, அவனுக்கு வேண்டியதைக் குறிப்பறிந்து செய்வதே விருந்தோம்பல் என்பதை எந்தச் சொற்பொழிவுமின்றி அவர்கள் எனக்குக் கற்பித்தனர்.

நான் புறப்பட்ட அன்று கிள்ளான் நண்பர், 2019ஆம் ஆண்டுவரை நம்மிடையே வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழைக் கொண்டுவந்து, தலைப்புச் செய்தி ஒன்றை எழுத்துக் கூட்டிப் படித்தார். மனப்பாடம் செய்யாத ஒரு தமிழ் வாக்கியத்தை அவர் படித்தது அதுவே முதல்முறை. நான் ஆசிரியனானது நியமனக் கடிதம் கைக்கு வந்த அன்றா, அன்றைய காலையிலா என்று கேட்டால், அன்றைய காலையில் என்றே சொல்வேன். வீடு திரும்பியதும் தாயார் என் முகத்தையும் நெற்றியையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சோறு போட்டார்.

ஆண்டுகள் பல கழிந்தன. ஒரு பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, பயிற்சிநூல் தந்த தலைப்பின்படி 'நான் கொண்டாடிய தீபாவளி' என்னும் கட்டுரை எழுதியிருந்தாள். எண்ணெய்க் குளியல், புத்தாடை, பட்டாசு என வழக்கமான வாக்கியங்கள் பிழையின்றி இருந்தன. உயிர் மட்டும் இல்லை. விசாரித்தபோது, "எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை, சார். தலைப்பு அப்படித்தான் இருந்தது" என்றாள். கிள்ளான் நண்பரின் தந்தையார் பள்ளி வாசலில் நின்ற காட்சி என் கண்முன் வந்தது. மறுவாரம் 'எங்கள் வீட்டுத் திருநாள்' என்று தலைப்பை மாற்றிக் கொடுத்தேன். அச்சிறுமி, தந்தை மூங்கிலைப் பிளந்து நட்சத்திரம் கட்டியதையும், குடிலுக்கு வைக்கோல் தேடி அலைந்ததையும், நள்ளிரவுத் திருப்பலியில் தம்பி தூங்கி விழுந்ததையும் மூன்று பக்கங்களுக்கு எழுதிவிட்டாள். மற்ற பிள்ளைகளும் அவரவர் வீட்டுக் கதவைத் திறந்தனர். அதுவரை அந்த வகுப்பில் நான் காணாத சொற்கள் அன்று ஏடுகளில் வந்தன.

தலைமையாசிரியரான பிறகு, காலை வழிபாட்டிலும் அதே முறையைக் கைக்கொண்டேன். சைவப் பிள்ளைகள் தேவாரம் பாடுவர்; அவ்வேளையில் கிறிஸ்துவப் பிள்ளைகள் தம் செபத்தை மனத்துள் சொல்லிக்கொள்ளலாம். பிறகு அனைவரும் சேர்ந்து திருக்குறள் ஓதுவர். அக்குறளை 1886ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் ஒரு கிறிஸ்துவப் பாதிரியார் என்பதையும், பிரதாப முதலியார் சரித்திரம் என்னும் முதல் தமிழ் நாவலை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர் என்பதையும் எல்லாப் பிள்ளைகளும் அறிவர். இதனால் தேவாரத்தின் இனிமை குறையவில்லை. பாடுவோரின் குரலும் தாழவில்லை.

ஆசிரிய நண்பர்களே, நாட்டின் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பல, மாணவர் எண்ணிக்கை குறைந்து வருந்துகின்றன. நாம் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சேர்க்கிறோம். அவ்வாறு செல்லும்போது சிலுவை மாட்டிய கதவையும் தட்டுங்கள். பள்ளிக்கு வந்து வாசலில் தயங்கி நிற்கும் தந்தையைக் கண்டால், எழுந்து சென்று உள்ளே அழைத்து வாருங்கள். அவர் தயங்குவது எதனால் என்று அவர் சொல்லமாட்டார், நாம்தான் அறிந்துகொள்ளவேண்டும்.

என் நண்பர்கள் இருவரும் இன்று பங்குக் குருமார். கிள்ளான் நண்பர் ஆண்டுதோறும் தம் கைப்படத் தமிழில் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார். அதில் லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் தத்தம் இடத்தில் சரியாக நிற்கின்றன. அவருடைய தங்கையின் பேத்தி இவ்வாண்டு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறாள். சேர்க்கச் சென்றபோது, குழந்தையின் கையைப் பிடித்து வாசலைத் தாண்டி உள்ளே அழைத்துச் சென்றவர் அவரே.